ஆத்துச் சிப்பி தேடப் போறீங்களா? கடலூர், புதுச்சேரி பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

நம்ம பக்கம் சிப்பின்னு சொன்னாலே எல்லாருக்கும் கடல்தான் ஞாபகம் வருது. முகத்துவாரத்து மட்டி, பாறையில ஒட்டியிருக்கிற பச்சைச் சிப்பி, கிளிஞ்சல் சுண்ணாம்பு, அவ்வளவுதான். ஆனா தென்பெண்ணை, சங்கராபரணி, வெள்ளாறு மாதிரி ஆத்து மணல்லயும், அதுங்ககிட்டேர்ந்து தண்ணி வாங்குற ஏரி வாய்க்கால் சேத்துலயும், நல்ல தண்ணியில மட்டுமே வாழுற சிப்பிங்க தனியா இருக்கு. இதை யாரும் பெருசா கண்டுக்கிறதில்ல. பறவைக்கு வருஷா வருஷம் கணக்கு எடுக்குறாங்க, சிப்பிக்குன்னு இறங்குற ஆளு ரொம்பக் கம்மி, எனக்கு இதுல நிறைய ஆதங்கம் உண்டு. காலேஜ் பசங்க, பறவை பாக்கப் போறவங்க, ஏரிக்கரையில நிலம் வச்சிருக்கிறவங்க, யாரு வேணா ஆரம்பிக்கலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், மீதி எல்லாம் இதை ஒட்டித்தான் வரும். ஒரு இடத்துல பெரிய சிப்பி நிறைய கிடைச்சா, அதுங்க பொறந்த காலத்துல ஆறு நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும். இப்ப ஆறு எப்படி இருக்குன்னு சொல்றது குட்டிச் சிப்பிதான். குட்டி இல்லாத இடத்துல எத்தனை பெருசு இருந்தாலும் அந்தக் கூட்டம் முடிஞ்சுக்கிட்டு வருதுன்னுதான் எடுத்துக்கணும்.

யாரைத் தேடப் போறோம்

நம்ம பக்கத்துக்கு ரெண்டு வகையை முதல்ல கண்ணுக்குப் பழக்கிக்கங்க. ஒண்ணு லமெல்லிடென்ஸ். நீளவாட்டா, கையளவு வளரும், ஓடு வழவழன்னு கரும்பழுப்பா இல்ல பச்சை கலந்த பழுப்பா இருக்கும், உள்பக்கம் முத்து மாதிரி மின்னும். நல்ல தண்ணி முத்து வளர்க்கிறவங்க நம்ம நாட்டுல அதிகமா வச்சிருக்கிறது இதுல மார்ஜினாலிஸ்ங்கிற இனத்தைத்தான். மெதுவா ஓடுற இல்ல தேங்கி நிக்கிற தண்ணி, வண்டல் கலந்த அடிமண்ணு, இதெல்லாம் இதுக்கு ஒத்துப்போகும். இன்னொண்ணு பாரேசியா. இது சின்னது, கொஞ்சம் உருண்டை, ஓடு கனமா இருக்கும், ஓட்டோட மேல் மூக்குப் பக்கம், அதாவது ரெண்டு ஓடும் இணையுற இடத்துல புடைச்சிருக்கிற மேட்டுல, விரலால தடவுனா வளைஞ்சு வளைஞ்சு மடிப்பு தட்டுப்படும். ஓடுற தண்ணி, மணலும் பொடிக்கல்லும் கலந்த அடி, அதுதான் இதுக்குப் பிடிக்கும்.

இது ரெண்டோட கார்பிகுலாங்கிற இன்னொரு சின்னச் சிப்பியைக் குழப்பிக்காதீங்க. அது முக்கோண வாட்டத்துல காசு அளவுக்கு இருக்கும், ஓடு மேல வரிசையா வளைய வளையமா மேடு ஓடும். அதுக்கு குஞ்சு வளர மீனு தேவையில்ல, அதனால ஓரளவு கெட்டுப்போன ஆத்துலயும் கொத்துக் கொத்தா கிடைக்கும். அதை எண்ணி சிப்பி நிறைய இருக்குன்னு எழுதிட்டா கணக்கே தலைகீழா போயிடும். கார்பிகுலாவையும் எழுதுங்க, ஆனா தனிப் பத்தியில எழுதுங்க.

மீனு எதுக்குன்னு தெரிஞ்சுக்காம ஆத்துல இறங்காதீங்க

ஆண் சிப்பி விந்தைத் தண்ணியில விடும், பெண் சிப்பி மூச்சுத் தண்ணி இழுக்கும்போது அதையும் சேத்து உள்ள இழுத்துக்கும். முட்டை செவுளுக்குள்ளயே பொரிஞ்சு, ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னதா குளோகிடியாங்கிற லார்வா வெளிய வரும். இது ஒரு மீனோட செவுள்லயோ துடுப்புலயோ போய் கவ்வணும், கவ்வி பல நாள், சில இனத்துல பல வாரம், அங்கயே இருந்து உருமாறி அப்புறம் உதிரணும். மீனு கிடைக்காத லார்வா செத்துடும். உதிர்ந்த குட்டி அடிமணலுக்குள்ள புதைஞ்சு பல மாசம், ஏன் வருஷக்கணக்குல கூட வெளிய தலைகாட்டாம வளரும். அந்தக் காலத்துல மணல் துகளுக்கு நடுவுல தண்ணி நடமாட்டம் இருக்கணும், ஆக்ஸிஜன் இருக்கணும்.

இந்த வாழ்க்கையைப் புரிஞ்சுக்கிட்டாலே ஆத்துல எதைப் பாக்கணும்னு பாதி தெரிஞ்சுடும். சிப்பி தானா நடந்து ஆறு மாற முடியாது, மீனு போற இடத்துக்குத்தான் குட்டி போகும். குறுக்க ஒரு அணைக்கட்டு வந்து மீனு மேல ஏறலன்னா, அணைக்கட்டுக்கு மேல இருக்கிற பெரிய சிப்பி அது பாட்டுக்கு இருக்கும், குட்டி மட்டும் வராது. அமெரிக்காவுல டென்னசி, கம்பர்லேண்ட் ஆறுகள்ல வரிசையா அணை கட்டுனதுக்கு அப்புறம் இதுதான் நடந்துச்சு, பல வருஷம் சிப்பி இருக்கிற மாதிரியே தெரிஞ்சு கடைசியில சில இனம் இல்லாமலே போச்சு. வட அமெரிக்காவுல மட்டும் ஏறக்குறைய 300 இனம், அதுல பெரும்பகுதி இன்னைக்கு ஆபத்துல இருக்கு. நம்ம தென்பெண்ணையில திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர்னு வரிசையா அணைக்கட்டு இருக்கு, அதனால ஒவ்வொண்ணுக்கும் மேலயும் கீழயும் தனித்தனியா பாக்கணும், எல்லாத்தையும் ஒரே ஆறுன்னு சேத்துடக் கூடாது.

உப்புத் தண்ணியைக் கழிச்சுடுங்க

கடலூர், புதுச்சேரியில புதுசா வர்றவங்களுக்கு பெரிய தடுமாற்றம் இதுதான். வரைபடத்துல ஆறுன்னு போட்டிருக்கும், இறங்கிப் பாத்தா உப்பங்கழி. தாழங்குடா பக்கம் தென்பெண்ணை, தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலம், நோணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாறு, பரங்கிப்பேட்டையில வெள்ளாறு, இங்கெல்லாம் கடல் தண்ணி ஏறி இறங்குற பகுதி, நல்ல தண்ணி சிப்பி இருக்காது, கிடைக்கிறது உப்புத் தண்ணி மட்டிதான். வீட்டு வாட்டர் ஃபில்டருக்கு வச்சுப் பாக்குற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க. கடல் ஏத்தம் உச்சத்துல இருக்கிற நேரத்துல, ஆத்தோட அடித் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க, உப்புத் தண்ணி கனம்ங்கிறதால அடியிலதான் நிக்கும், மேல் தண்ணியை மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. கடல் தண்ணி 35,000 பிபிஎம் கிட்ட இருக்கும், சாதாரண மீட்டர் அவ்வளவு காட்டாது, ஆனா நமக்கு அவ்வளவு வேணாம். 1000 தாண்டுனாலே நான் இன்னும் மேல போய்த்தான் தேட ஆரம்பிப்பேன். மழைக்காலத்துல இந்த எல்லை கடலைப் பாத்து இறங்கும், மே மாசத்துல உள்ள ஏறும். சிப்பிக்கு கணக்கு மே மாச எல்லைதான், ஏன்னா அது வருஷம் பூரா அங்கயே கிடக்கணும்.

இடம் தேர்ந்தெடுக்கிறது

எனக்கு முக்கியமாப் படுற பகுதி இது, கொஞ்சம் பொறுமையா படிங்க.

எல்லாரும் பண்றது என்னன்னா, ஜனவரி பிப்ரவரியில தண்ணி தெளிஞ்சு அழகா இருக்கும்போது போய் ஆழம் இவ்வளவு, வேகம் இவ்வளவுன்னு அளந்துட்டு அதையும் சிப்பி எண்ணிக்கையையும் ஒண்ணா வச்சுப் பாப்பாங்க, ஒண்ணும் ஒட்டாது. உலகத்துல பல ஆறுகள்ல இப்படித்தான் ஆச்சு. சாதாரண நாள் ஆழமும் வேகமும் சிப்பி எங்க இருக்கும்னு சரியா சொல்றதில்ல. பெருவெள்ளத்துல அடிமண்ணு நகராம எங்க நின்னுச்சு, அதுதான் நிறைய சொல்லுது. நம்ம ஊர்ல அதோட இன்னொண்ணும் சேரும், கடுங்கோடையில ஈரம் எங்க மிஞ்சுச்சு. ஆகமொத்தம் நவம்பர் டிசம்பரையும் தாங்கி, மே ஜூனையும் தாங்குன இடம் எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

வெள்ளத்தை யோசிச்சுப் பாருங்க. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில சாத்தனூர் அணையிலேர்ந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல தென்பெண்ணையில தொறந்து விட்டாங்க. அந்தத் தண்ணி போனப்ப நடு ஆத்து மணல் அப்படியே படுகையோட சேந்து நகரும், அதுல இருந்த சிப்பி எங்க போச்சுன்னு யாருக்குத் தெரியும். ஆனா அதே ஆத்துல சில மூலைங்க அசையாம நின்னிருக்கும். அந்த மூலையை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, முதல்ல காலால. வெறுங்காலோட வேணாம், பழைய ஷூ போட்டுக்கிட்டு நடங்க. கால் புதையுது, மணல் வெளுப்பா சுத்தமா அலை அலையா வரி போட்டுக் கிடக்குதுன்னா அது புதுசா வந்து விழுந்த மணல், நாளைக்குப் போயிடும். கெட்டியா இருக்கு, மணலோட கொஞ்சம் வண்டலும் பொடிக்கல்லும் பிணைஞ்சு இருக்கு, கல்லு மேல பழைய பாசி கருத்து ஒட்டியிருக்குன்னா அந்தக் கல்லு உருளவே இல்லன்னு அர்த்தம், அங்க நின்னு தேடுங்க. பாறைத் திட்டுக்குப் பின்பக்கம், வளைவோட உள்பக்கம், கரையில மருதமோ புங்கமோ வேரு விட்டு மண்ணைப் பிடிச்சிருக்கிற இடம், கோரை நாணல் வருஷக்கணக்கா நிக்கிற ஓரம், இதெல்லாம் பாக்க வேண்டிய இடம். பாலத்துத் தூணுக்கு அடியில குழி இருக்கும், ஆழமா இருக்குன்னு ஆசைப்படாதீங்க, வெள்ளத்துல அரிச்சு அரிச்சு உண்டான குழி அது.

கண்ணால பாத்து சொல்றது போதாதுன்னு நினைக்கிறவங்களுக்கு சங்கிலி முறை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை. செப்டம்பர்ல, பருவமழைக்கு முன்னாடி, ஆத்து அடி காஞ்சோ கால் தண்ணியிலயோ இருக்கும்போது, ஒரு கம்பியால மணல்ல நேரா துளை போட்டு, ஒரு மீட்டர் நீளத்துக்கு இரும்புச் சங்கிலியை செங்குத்தா இறக்கி, மேல் நுனி மணல் மட்டத்துக்கு சரியா நிக்கிற மாதிரி விட்டுடுங்க. கரையில மரமோ பாலத் தூணோ ரெண்டு அடையாளம் வச்சு டேப்பால தூரம் எழுதிக்கங்க. ஜனவரியில வந்து அதே இடத்தைத் தோண்டுங்க. வெள்ளம் எவ்வளவு ஆழத்துக்கு மணலை அள்ளிட்டுப் போச்சோ அந்த ஆழம் வரைக்கும் சங்கிலி படுத்துக் கிடக்கும், அதுக்குக் கீழ நேரா நிக்கும். மடங்குன இடத்துக்கும் பழைய மேல்மட்டத்துக்கும் நடுவுல இருக்கிறதுதான் அரிப்பு ஆழம், மடங்குன இடத்துக்கு மேல கிடக்கிறது அப்புறம் வந்து மூடுன மணல். சிப்பி பெரும்பாலும் மேல் 10, 20 சென்டிமீட்டருக்குள்ளதான் இருக்கும். 30 சென்டிமீட்டர் அரிச்சிருந்தா அங்க ஏன் சிப்பி இல்லன்னு வேற காரணம் தேடவே வேணாம்.

அடுத்தது கோடை. நம்ம ஆறெல்லாம் வருஷம் பூரா ஓடுற ஆறு இல்ல, மார்ச்சுக்கு மேல ஓட்டம் அறுந்து மடு மடுவா நிக்கும். அந்த மடுவுலதான் சிப்பியும் மீனும் அடுத்த மழை வரைக்கும் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி வத்த வத்த சிப்பி அது பின்னாடியே நகரும், ஈர மணல்ல விரல் அகலத்துக்கு கோடு விழுந்திருக்கும், அந்தக் கோட்டைத் தொடர்ந்து போனா கடைசியில ஆளு இருக்கும். ஈரச் சேத்துக்குள்ள ஓட்டை இறுக்கி மூடிக்கிட்டு கொஞ்ச காலம் தாங்கும், ஆனா சேறு வெடிச்சு காஞ்சுட்டா தாங்காது. இங்கதான் மணல் அள்ளுறது அடியோட கெடுக்குது. மணலுங்கிறது தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற பொருள், அதை அள்ளி படுகை இறங்குனதும் சுத்தி இருக்கிற நிலத்தடி நீரும் கீழ போகுது, ஏப்ரல்ல நின்ன மடு மார்ச்சுலயே வத்துது. அள்ளுன குழியில தண்ணி நின்னாலும் அடி களியும் கறுப்புச் சேறுமாத்தான் இருக்கும், ஆக்ஸிஜன் இருக்காது. இதைப் பாத்துட்டு சும்மா போகாம படம் எடுத்து தேதியோட எழுதி வைங்க, ஆத்து நிலைமையைப் பத்தின பதிவுல இதுவும் சேத்திதான்.

இறங்குறதுக்கு முன்னாடி

ஊர்ல கேளுங்க. வீச்சு வலை போடுறவங்க, மாடு மேய்க்கிறவங்க, மதகு பாக்குறவர், இவங்களுக்குத் தெரிஞ்ச அளவு எந்த வரைபடத்துலயும் இல்ல. "அண்ணே, வலையில சிப்பி ஏறுமா, எந்தப் பக்கம் ஏறும்"னு கேட்டா போதும், "மதகாண்ட அந்தாண்ட சேத்துல நிறைய கிடக்கும், சின்ன வயசுல இதைவிட நிறைய, கூடை கூடையா பொறுக்குவோம்"னு ஆரம்பிச்சு பழைய கதை முழுசா வரும். எந்த வருஷம் வரைக்கும் இருந்துச்சு, எது நடந்ததுக்கு அப்புறம் குறைஞ்சுச்சுன்னு கேட்டு எழுதிக்கங்க, சிப்பிக்கு பழைய கணக்கு இல்லாத ஊர்ல இதுதான் பழைய கணக்கு. நத்தைகுத்தி நாரை மேயுற ஓரத்தையும் விடாதீங்க. அது நத்தைக்குத்தான் முதல்ல போகும், ஆனா சிப்பியையும் தின்னும், அது தின்னுட்டுப் போட்ட ஓடு கரையில குவிஞ்சிருந்தா பக்கத்துல உயிர் சிப்பி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், அதனால அங்க தண்ணியில இறங்கணும்னா வனத்துறை அனுமதி கட்டாயம், கேக்காம இறங்காதீங்க. மத்த ஏரி வாய்க்கால்லயும் நீர்வளத்துறை (புதுச்சேரியில பொதுப்பணித்துறை) ஆளுங்ககிட்டயோ ஊராட்சியிலயோ ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குறது நல்லது. தனியா ஒருத்தரும் ஆத்துல இறங்க வேணாம், மணல் குழி எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது, முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டே இருப்பீங்க, அடுத்த அடி ஆள் ஆழம். கையில நீளமா ஒரு கழி வச்சு குத்திக் குத்திப் பாத்து நடங்க. மழைக்காலத்துல அணை தொறக்குற அறிவிப்பு பாக்காம இறங்கவே கூடாது. கையில கால்ல வெட்டுக்காயம் இருந்தா அன்னைக்கு கரையில நின்னு எழுதுற வேலையை எடுத்துக்கங்க, எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல.

முதல்ல ஆத்தை அளங்க, அப்புறம் சிப்பி

சிப்பி கிடைச்ச இடத்துல மட்டும் அளந்தா அது ஆராய்ச்சியே இல்ல. கிடைக்காத இடத்தையும் அதே மாதிரி அளந்தாத்தான் எது வித்தியாசம்னு தெரியும். அதனால தேடுறதுக்கு முன்னாடியே 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு ஆத்தை முடிவு பண்ணி, முதல்ல அளந்து முடிச்சுடுங்க.

வேகம் அளக்க மீட்டர் வேணாம். ஒரு எலுமிச்சம்பழம் போதும், பாதி முங்கி மிதக்கும், காத்து தள்ளாது. 10 மீட்டருக்கு கயிறு பிடிச்சு எத்தனை விநாடின்னு பாருங்க. 25 விநாடி ஆச்சுன்னா மேல் தண்ணி வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், அதை 0.85 ஆல பெருக்குனா 0.34, சராசரி வேகம் ஏறக்குறைய அதுதான். ஆழத்தை கழியில கோடு போட்டு பாத்துக்கங்க.

அடிமண்ணை கையில எடுத்து தேச்சுப் பாருங்க. நறநறன்னா மணல், மாவு மாதிரி வழுக்குனா வண்டல், உருட்டுனா திரிஞ்சு நீளமா வந்தா களி. 2 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா பொடிக்கல். ஒவ்வொண்ணும் எத்தனை பங்குன்னு குத்துமதிப்பா எழுதுனா போதும், ஆனா அதே ஆளு எல்லா இடத்துலயும் எழுதணும், ஆளுக்கு ஆள் கண்ணு மாறும். தோண்டும்போது எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழ மண்ணு கறுப்பாகி அழுகுன முட்டை நாத்தம் வருதுன்னு கட்டாயம் குறிங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ ஆக்ஸிஜன் இல்ல, குட்டிச் சிப்பி வாழ முடியாது. என்னைக் கேட்டா விலையே இல்லாம கிடைக்கிற தகவல்ல இதைவிட உபயோகமானது கிடையாது.

தண்ணியில ஆக்ஸிஜன் பாக்க கிட் கிடைச்சா விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பாருங்க, ஏன்னா பாசியும் செடியும் ராத்திரி பூரா மூச்சு விட்டு ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும் நேரம் அது. மதியம் பாத்தா எல்லா ஏரியும் நல்லாத்தான் தெரியும். ஆகாயத்தாமரை மூடுன இடமா, நெய்வேலி காட்டாமணக்கு கரையை அடைச்சிருக்கா, எழுதிக்கங்க.

அம்மோனியா பத்தி தனியா சொல்லணும். மீன் தொட்டி வச்சிருக்கிறவங்க வாங்குற அம்மோனியா கிட் அக்வேரியம் கடையில கிடைக்கும். குட்டிச் சிப்பி அம்மோனியாவுக்கு மீனைவிட சீக்கிரம் சாகும். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013ல நல்ல தண்ணிக்கு அம்மோனியா அளவுகோலை இறுக்குனதுக்கு சிப்பிங்களோட தாங்கும் திறன்தான் முக்கியக் காரணம். சூடும் காரத்தன்மையும் ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும், நம்ம ஊர் ஏப்ரல் தண்ணியை நினைச்சுக்கங்க. சாக்கடை கலக்குற வாய், யூரியா போட்ட வயல் வடிகால், மாட்டுத் தொழுவத்துக் கழிவு, இது எல்லாத்துக்கும் மேலயும் கீழயும் ஒரு தடவை பாருங்க. தண்ணி தெளிவா இருக்கிறதை வச்சு ஏமாறாதீங்க, அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

இப்ப தேடுங்க

ரெண்டு விதமா தேடணும். முதல்ல நேரம் வச்சு தேடறது. ரெண்டு பேர் அரை மணி நேரம் தேடுனா ஒரு ஆள்-மணி. கீழேர்ந்து மேல் நோக்கி, தண்ணி வர்ற திசையைப் பாத்து நகருங்க, அப்பத்தான் கலங்குன தண்ணி உங்க பின்னாடி போகும். கலங்கல்ல கண்ணு உதவாது, விரலை விரிச்சு மணல்ல மெதுவா உழுதுக்கிட்டே போங்க. சிப்பி கிடந்த கல்லு மாதிரி படுத்திருக்காது, முன் பாதி மண்ணுக்குள்ள, பின் நுனி மட்டும் வெளிய நீட்டி செங்குத்தா நட்டுக்கிட்டு இருக்கும். விரல் பட்டதும் டக்குன்னு மூடும், அந்த மூடுற அதிர்வு விரல்ல தெரியும். தெளிஞ்ச தண்ணியில அசையாம நின்னு பாத்தா அந்த நுனியில ரெண்டு துளை தெரியும், ஒண்ணோட ஓரம் பூரா பொடிப் பொடியா முடி மாதிரி தொங்கும், அது தண்ணி உள்ள போற வாய், பக்கத்துலயே வழவழன்னு இருக்கிறது வெளிய விடுற வாய். நல்லா வளர்ந்த சிப்பி இந்த வழியா ஒரு நாளைக்கு பல பத்து லிட்டர் தண்ணியை வடிகட்டும்.

இந்த முறையில எந்த இனம் இருக்குன்னு தெரியும், அடர்த்தி தெரியாது, குட்டியும் கையில படாது. அதுக்குத்தான் கட்டம். பிவிசி பைப்ல 50க்கு 50 சென்டிமீட்டர்ல ஒரு சதுரம் பண்ணிக்கங்க, அதோட பரப்பு 0.25 சதுர மீட்டர். எங்க போடறதுன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, கை தானா சிப்பி இருக்கிற பக்கம்தான் போகும். சீட்டு குலுக்கி எண் எடுத்து அந்த மீட்டர்ல போடுங்க. கட்டத்துக்குள்ள 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை முழுசா அள்ளி சல்லடையில அலசணும், கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற சல்லடையில நெருக்கமான கண்ணா பாத்து வாங்குங்க. சல்லடையில மிஞ்சுனதை வெள்ளைத் தட்டுல கொட்டி வெயில்ல பொறுமையா பாருங்க. நகம் அளவுக்கு, ஓடு ஒளி ஊடுருவுற மாதிரி மெல்லிசா ஒண்ணு கிடைச்சா அன்னைக்கு வந்த வேலை ஜெயம். 20 கட்டம் போட்டா 5 சதுர மீட்டர், அதுல 12 சிப்பி இருந்தா சதுர மீட்டருக்கு 2.4, அவ்வளவுதான் கணக்கு.

கிடைச்ச ஒவ்வொண்ணையும் ஈரத் துணி போட்ட பக்கெட்ல நிழல்ல வச்சு, வெர்னியர்ல நீளம் அளந்து, ஓட்டுக்கு பக்கத்துல ஸ்கேல் வச்சு வெளிப்பக்கம் ஒரு படம், மூக்குப் பக்கம் ஒரு படம் எடுத்துட்டு உடனே திருப்பி விடுங்க. தூக்கி எறியாதீங்க. எடுத்த இடத்துலயே, மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ரெண்டு வாய் இருக்கிற நுனி மேல வர்ற மாதிரி நட்டு வைங்க. ஓட்டை நெம்பித் தொறந்து பாக்குற பழக்கம் வேணவே வேணாம், ரெண்டு ஓட்டையும் இழுத்து மூடி வச்சிருக்கிற தசை கிழிஞ்சா திரும்ப சேராது. ஓட்டுல இருக்கிற வளையத்தை எண்ணி வயசு போடறதும் வேணாம், குளிர்காலத்துல வளர்ச்சி நிக்கிற ஊருக்கு அது ஓரளவு சரி, நம்ம ஊர்ல வறட்சி, வெள்ளம் எது வந்தாலும் ஒரு வளையம் விழும்.

செத்த ஓடும் தகவல்தான். உள்பக்கம் பளபளப்பு போகாம, ரெண்டு ஓடும் ஒட்டியே இருந்தா சமீபத்துல செத்தது. வெளுத்து சுண்ணாம்பு மாதிரி ஆயிட்டா பழசு, வெள்ளம் எங்கிருந்தோ கொண்டு வந்ததாவும் இருக்கலாம். புது ஓடு ஒரே இடத்துல குவியலா கிடந்தா ஏதோ நடந்திருக்கு, அன்னைக்கே தண்ணியை ஒரு தடவை அளந்துடுங்க.

ஏரியில ஒரு விஷயம்

வீராணம், பாகூர், பெருமாள் ஏரி மாதிரி இடத்துல வெள்ள அரிப்பு பெரிய கவலை இல்ல, தண்ணி இருப்பும் அடிச் சேறும்தான் கவலை. வீராணத்துக்கு கீழணையிலேர்ந்து வடவாறு வழியா கொள்ளிடத் தண்ணி வருது, பாகூருக்கு பங்காரு வாய்க்கால் வழியா தென்பெண்ணை தண்ணி வருது, அதனால மீனும் அந்த வழியாத்தான் வரும், வாய்க்காலையும் சேத்துத் தேடுங்க. தூர் வாருறப்ப பொக்லைன் அள்ளிக் கரையில கொட்டுற மண்ணுல உயிர் சிப்பி நிறைய போகும், நம்ம பக்கம் கோடையில வண்டல் எடுக்கிற எல்லா ஊர்லயும் இது நடக்குது. தூர் வாரணும், விவசாயிக்கு அது வேணும், அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா மதகு பக்கத்து ஆழத்துல ஒரு பட்டையைக் கைவைக்காம விட்டா அங்கேர்ந்து கூட்டம் திரும்ப வளரும், இதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போய்ப் பேசுனா கேக்குறவங்க உண்டு. வேலை நடக்குற நாள்ல பக்கெட்டோட போய் கொட்டுன மண்ணுலேர்ந்து ஈரம் காயறதுக்குள்ள பொறுக்கி திரும்ப ஆழத் தண்ணியில விடுங்க, விடறதுக்கு முன்னாடி நீளம் அளந்துக்கங்க, சல்லடை பிடிக்காமலே அவ்வளவு அளவு வேற எங்கயும் கிடைக்காது.

வந்த கணக்கை எப்படி பாக்கறது

நீளத்தை 1 சென்டிமீட்டர் படியா பிரிச்சு, ஒவ்வொரு படிக்கும் எத்தனைன்னு கட்டம் போட்ட நோட்டுல தூண் வரைங்க. சின்னப் பக்கத்துலயும் தூண் இருந்தா அங்க குட்டி வருது. பெரிய பக்கத்துல மட்டும் கூட்டமா இருந்து சின்னப் பக்கம் வெறுமையா இருந்தா மூணு கேள்வி கேளுங்க. மீனு வர வழி இருக்கா? மணலுக்குள்ள ஆக்ஸிஜன் இருக்கா? அம்மோனியா இருக்கா? முதல் கேள்விக்கு கீழ எத்தனை தடுப்பணை, நாட்டு மீன் குறைஞ்சு ஜிலேபி மீன் மட்டுமா இருக்குன்னு வலைக்காரங்ககிட்ட கேட்டா தெரியும். ரெண்டாவதுக்கு உங்க கறுப்பு மண் ஆழம் பதில் சொல்லும், மூணாவதுக்கு கிட்.

எல்லா அளவும் ஒருமிக்க இருக்கிற ரெண்டு இடத்துல ஒண்ணுல சிப்பி இருந்து ஒண்ணுல இல்லன்னா, நீங்க அளக்காத ஒண்ணு இருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் அது போன வெள்ளமாவோ போன கோடையாவோ இருக்கும். ஒரு தடவை பாத்துட்டு இதனாலதான் இதுன்னு முடிவு எழுதிடாதீங்க. வருஷத்துக்கு ரெண்டு நடை வைங்க, ஜனவரி பிப்ரவரியில ஒண்ணு, செப்டம்பர்ல மழைக்கு முன்னாடி ஒண்ணு, அதே 100 மீட்டர், முடிஞ்சா அதே ஆளு. நடுவுல மே மாசம் அளவு எதுவும் எடுக்க வேணாம், மடு எங்க மிஞ்சியிருக்குன்னு மட்டும் நடந்து பாத்து வரைஞ்சுக்கங்க.

இனம் தெரியாத ஓட்டுக்கு படத்தை ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற வலைத்தளத்துல போடலாம், செத்த ஓட்டை மட்டும் எடுத்து வச்சு சென்னையில இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையத்துல காட்டிக் கேக்கலாம். ஓட்டை வைக்கிற கவருக்குள்ளயே இடம், தேதி, எந்தக் கரை, பக்கத்து அடையாளம் எழுதின துண்டுச் சீட்டைப் போட்டுடுங்க, பென்சில்ல எழுதுங்க, ஈரம் பட்டாலும் அழியாது.